ஞாயிறு அறிவிப்பு, பூசைக் கருத்து, கல்யாண ஓலை: பங்கு வாழ்வு குறித்த கேள்வி பதில்

தென் தமிழகத்தின் கடலோரக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோவிலின் எல்லைக்குட்பட்ட இறைமக்கள் சமூகம்) ஒன்றில் 22 ஆண்டுகள் பங்குப்பேரவைச் செயலராக இருந்தேன். ஞாயிறுதோறும் அறிவிப்பு வாசிக்கும் பொறுப்பும் என்னிடமே இருந்தது. அந்தப் பழக்கத்தையும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பையும் துணையாகக் கொண்டு, பல பங்குகளின் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும் நடைமுறைகளில் உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுத் தெளிவுபெறுவதே முறை.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் கோவிலில் மறையுரை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கிறார்கள், சில வாரங்களில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அறிவிப்புக்கென்று குறிப்பிட்ட இடம் உண்டா? (தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு பேரவை உறுப்பினர்)

உண்டு. திருவிருந்துக்குப் பிறகு குருவானவர் நன்றி மன்றாட்டைச் சொல்லி முடித்ததும், இறுதி ஆசீருக்கு முன்பாக, தேவையிருந்தால் சுருக்கமான அறிவிப்புகளைச் செய்யலாம் என்றுதான் உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. ‘தேவையிருந்தால்’, ‘சுருக்கமான’ என்ற இரண்டு சொற்களையும் நான் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலைத் திரிகால மணி (மாலைச் செபத்துக்கான கோவில் மணி) அடித்த பிறகு வரும் சீட்டு அடுத்த வாரத்துக்கு என்பது நாங்கள் வைத்திருந்த ஒழுங்கு. துக்கச் செய்திக்கு மட்டும் அந்த ஒழுங்கு கிடையாது. இறப்பு, அடக்கம் பற்றிய செய்தியை முதலில் சொல்வேன். அதன்பின் அந்த வாரத் திருப்பலி நேரங்களில் உள்ள மாற்றம், ஓலை (நடக்கவிருக்கும் திருமணம் பற்றிய அறிவிப்பு), மறைக்கல்வி, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, இளைஞர் இயக்கம் ஆகியவற்றின் கூட்டங்கள். பணம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் கடைசியில்தான். பணத்தை முதலில் சொன்னால் பின்னால் வரும் எதுவும் காதில் விழாது என்பதைப் பல வாரங்கள் கண்டபின் இந்த வரிசைக்கு வந்தேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். “முதல் வெள்ளி வழக்கம்போல் நடைபெறும்” என்று வாசித்தால், அந்த வழக்கம் தெரியாத புதுக் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. “வரும் வெள்ளி மாதத்தின் முதல் வெள்ளி. காலையில் நோயாளிகளுக்கு வீட்டில் நற்கருணை வழங்கப்படும். மாலை 5.30 மணிக்கு ஆராதனை, 6.30 மணிக்குத் திருப்பலி. வீட்டில் புதிதாக யாரேனும் படுக்கையில் இருந்தால் வியாழன் மாலைக்குள் அன்பியப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள்” என்று வாசித்துப் பாருங்கள். (அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு.) அரை நிமிடம்தான் ஆகும். ஆனால் எந்த வீட்டிலோ மூன்று மாதமாகக் கோவிலுக்கு வர முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு அந்த வாரம் நற்கருணை கிடைத்துவிடும்.

கேள்வி: ஒரே திருப்பலியில் பதினைந்து, இருபது பேரின் கருத்துகளை (யாருக்காக, எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற வேண்டுதலை) வாசிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காணிக்கை கொடுத்திருக்கிறார்கள். இது சரியா? என் தகப்பனாரின் நினைவு நாளன்று அவர் பெயர் பதினான்காவதாக வந்தது, மனம் வருந்தினேன். (திருச்சியிலிருந்து ஒரு சகோதரி)

சகோதரி, உங்கள் வருத்தம் நியாயமானது. தனித்தனிக் கருத்துக்காகக் காணிக்கை பெற்றுக்கொள்ளப்பட்டால், அது சிறிய தொகையாயினும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும் என்பதே பொதுச் சட்டம் (எண் 948). பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அதற்கு முந்தைய சட்டம் கடுமையாகவே சொல்கிறது.

எனினும் ஒரு விதிவிலக்கு உண்டு. பல கருத்துகளை ஒரே திருப்பலியில் சேர்ப்பது குறித்து 1991இல் உரோமையின் குருக்களுக்கான பேராயம் ஓர் ஆணை வெளியிட்டது; 2025இல் புதிய ஆணை அதன் இடத்துக்கு வந்தது. இப்போது ஆயர்கள் அனுமதித்த இடங்களில், கருத்துக் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் மனமார இசைந்தால் மட்டுமே சேர்க்கலாம். அந்தத் திருப்பலியின் இடமும் நேரமும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும் என்று 1991 ஆணை சொல்லியிருந்தது. வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் இவ்வாறு செய்யக் கூடாது என்பதும் அந்த ஆணையில் இருந்தது. குருவானவர் ஒரு திருப்பலிக்குரிய காணிக்கையை மட்டுமே தமக்கென வைத்துக்கொண்டு, மீதியை மறைமாவட்டம் குறிப்பிடும் நோக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே கருத்துக் கொடுக்கும்போதே, “இது தனித் திருப்பலியா, கூட்டுக் கருத்தா?” என்று தயங்காமல் கேளுங்கள். தனித் திருப்பலி வேண்டுமென்றால் நினைவு நாளுக்கு வெகு முன்னதாகவே வார நாள் ஒன்றைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாட்களிலும் (திருப்பலியில் பங்குபெறுவது கடமையான திருநாட்கள்) பங்குத்தந்தை தம் பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர் (எண் 534). அதற்கு யாரும் காணிக்கை கொடுப்பதில்லை. பலர் அப்படியொன்று இருப்பதையே அறியார். உங்கள் பெயரும் என் பெயரும் வாரந்தோறும் எழுதப்படாமலேயே அந்தக் கருத்தில் இருக்கின்றன.

கருத்துப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெறப்பட்ட கருத்துகள், அவற்றுக்குரிய காணிக்கை, அவை நிறைவேற்றப்பட்ட விவரம் ஆகியவற்றைக் குறித்துவைக்க ஒவ்வொரு பங்கிலும் தனிப் புத்தகம் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அது பார்வையிடப்பட வேண்டும். எங்கள் பங்கில் அது நீளமான கணக்கு நோட்டு. ஒரு மூதாட்டி ஆண்டுக்கு ஒரு முறை அதன் முன்னால் வந்து நிற்பார். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைப்பார். கணவரின் பெயரைச் சொல்ல மாட்டார். “செவ்வாய்க்கிழமைப் புனிதர் பேருதான் அவுகளுக்கு” என்பார்; அந்தோனியாரைச் சொல்கிறார். நான் எழுதி முடித்ததும் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு பெயரையும் நான் அவசரமாக எழுதியதில்லை, அவசரமாக வாசித்ததுமில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தின் அம்மா, விபத்தில் இறந்துபோன தம் மகனுக்காகப் பூசை வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியுமா ஐயா?

முடியும். உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் குருவானவருக்கு உரிமை உண்டு (எண் 901). அந்த அம்மாவை நீங்களே பங்கு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திருப்பலி நாளன்று அவர் அருகில் அமருங்கள். கையில் பணம் இல்லையென்றால் அதுவும் தடையல்ல. காணிக்கை பெறாமலேயே எளியோரின் கருத்துகளுக்காகத் திருப்பலி நிறைவேற்றும்படி சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது.

கேள்வி: என் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. பெண் வேறு பங்கைச் சேர்ந்தவர். இக்காலத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறதே, மூன்று வாரம் ஓலை வாசிப்பது எதற்கு? புதிதாக ஞானஸ்நானச் சான்று வேறு கேட்கிறார்கள். மகன் பிறந்தபோது வாங்கியதே என்னிடம் இருக்கிறது. (நாகர்கோவில் அருகிலிருந்து)

ஓலை என்பது நம் ஊர்ச் சொல். வழக்கம் மிகப் பழையது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதை எங்கும் உரிய விதியாக்கியது; 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அடுத்தடுத்த மூன்று திருநாட்களில் திருப்பலியின்போது அறிவிக்க வேண்டும் என்று வகுத்தது. மறைவாக மணந்து பின்னர் மறுத்துவிடும் ஆண்களால் கைவிடப்பட்ட பெண்களைக் காப்பதும் அந்த விதியின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. இன்றைய சட்டம் இதன் விவரங்களை ஆயர் பேரவைகளிடம் விட்டுவிட்டது. நம் பங்குகளில் மணமகன் வீட்டுப் பங்கிலும் மணமகள் வீட்டுப் பங்கிலும் மூன்று ஞாயிறு வாசிப்பது நிலைத்திருக்கிறது. தகுந்த காரணம் இருந்தால் ஓலைக்கு விலக்குக் கேட்கலாம்.

எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்பதை நான் ஏற்கவில்லை. மகன் எட்டாண்டுகளாக வெளியூரில் வேலை செய்திருப்பார். அங்கே பதிவுத் திருமணம் நடந்திருந்தால் ஊரில் யாருக்குத் தெரியும்? தடை எதுவும் தெரிந்திருந்தால் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிப்பது கிறிஸ்தவர் ஒவ்வொருவரின் கடமை (எண் 1069). ஓலை வாசிக்கும்போது அந்தக் கேள்வி ஊர் முழுவதையும் நோக்கிக் கேட்கப்படுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாரும் அந்த இருவருக்காக வேண்டிக்கொள்வதும் அப்போதே தொடங்குகிறது.

புதிய சான்று கேட்பதற்கும் இதே காரணந்தான். ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்கின் பதிவேட்டில், அவரது உறுதிபூசுதலும் திருமணமும் குருப்பட்டமும் பிற்காலத்தில் அந்தப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படுகின்றன. உங்களிடம் உள்ள பழைய தாள் அவர் பிறந்தபோது எழுதப்பட்டது; அதன்பின் பதிவேட்டின் ஓரத்தில் ஏறிய குறிப்பு எதுவும் அதில் இராது. ஆகவே அண்மையில் எடுத்த சான்றைக் கேட்கிறார்கள். எடுக்கும்போது பெயரின் எழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை மணமகளின் தகப்பனார் பெயரைச் சீட்டில் இருந்த பிழையோடு அப்படியே நான் வாசித்துவிட்டேன். அந்த மனிதர் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் குனிந்துகொண்டார். மறு ஞாயிறு பிழையை எல்லார் முன்னிலையிலும் திருத்தி வாசித்து மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல், ஓலைச் சீட்டை வீட்டார் கையாலேயே எழுதி வாங்கி, வெள்ளிக்கிழமை அவர்களிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கேள்வி: கோவில் வரி பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை ஞாயிறன்று வாசிக்கலாம் என்று எங்கள் பேரவையில் முன்மொழிந்திருக்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

வேண்டாம். மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். கடலுக்குப் போக முடியாத மாதங்களில் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. நற்கருணை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பிய ஒருவரின் பெயரைப் பாக்கிக்காரர் என்று அடுத்த ஐந்தாம் நிமிடத்தில் ஒலிபெருக்கியில் வாசிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் அடுத்த ஞாயிறு வர மாட்டார். அவருடைய பிள்ளைகள் மறைக்கல்விக்கும் வர மாட்டார்கள். பாக்கியைக் காட்டி ஞானஸ்நானத்தையோ திருமணத்தையோ அடக்கத்தையோ நிறுத்தி வைப்பது இதைவிடக் கொடிது. வறுமையின் காரணமாக அருளடையாளங்களின் உதவி ஒருவருக்கும் மறுக்கப்படக் கூடாது என்பது சட்டம் (எண் 848).

கணக்கு வாசியுங்கள், அது வேறு. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் 1287 கூறுகிறது. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். சென்ற ஞாயிற்றின் உண்டியல் தொகை, திருவிழாவின் வரவு செலவு, கெபி (சிற்றாலயம்) கட்டியதில் மிச்சம் எவ்வளவு என்பவற்றை எழுதிக் கோவில் வாசற்பலகையில் ஒட்டுங்கள். கணக்கை ஒழுங்காக ஒட்டத் தொடங்கிய ஆண்டில் எங்கள் பங்கில் பாக்கி தானாகவே குறைந்ததை நான் கண்டேன். கொடுக்க முடியாதவர் யாரென்று அந்த அன்பியத்துக்குத் தெரியும்; வின்சென்ட் தே பவுல் சபையினர் இருட்டியபின் போய்ப் பார்த்துக்கொள்வார்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய தோழர்களும் அந்தச் சபையைத் தொடங்கியதே, ஏழையை அவர் வீட்டுக்குச் சென்று சந்திப்பதற்காகத்தான்.

கேள்வி: வேலைக்காகச் சென்னைக்கு வந்து ஓராண்டாகிறது. நான் எந்தப் பங்கைச் சேர்ந்தவன், ஊர்ப் பங்கா, இங்குள்ளதா?

இரண்டும்தான், தம்பி. மூன்று மாதம் தங்கியிருந்தாலே, அல்லது மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலே, அந்த இடத்துப் பங்குத்தந்தை உனக்கும் பங்குத்தந்தை ஆகிவிடுகிறார். பங்கு என்பது பொதுவாக எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு. பிடித்த பாடற்குழு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. இந்த ஞாயிறே அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்து, உன் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேள். வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கியிருந்தாலும் அன்பியக் கூட்டத்தை ஒருமுறை உங்கள் அறையில் வைக்கலாம். பாயும் விவிலியமும் இருந்தால் போதும்.

கேள்வி: நண்பர் வேறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். என் குழந்தைக்கு ஞானத் தகப்பனாக நிற்கலாமா?

ஞானப் பெற்றோர் உறுதிபூசுதல் பெற்ற, பொதுவாக 16 வயது நிறைந்த கத்தோலிக்கராக இருக்க வேண்டும். கத்தோலிக்கர் ஒருவர் ஞானப் பெற்றோராக நிற்கும்போது, உங்கள் நண்பர் அவருடன் சாட்சியாக நிற்கலாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். திருநீற்றுப் புதன் நோன்பும், நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருப்பதும் அவருக்குக் கட்டாயமா?

இல்லை. நோன்பு 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும்வரை. உடல்நலம் இடங்கொடாதவரை அது கட்டாயப்படுத்தாது. ஒரு மணி நேர விதி முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மட்டுமன்றி, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கும் இல்லை. அம்மாவை மாத்திரையும் உணவும் தந்து அழைத்து வாருங்கள். வீட்டுச் சுவரில் செருகியிருக்கும் சென்ற ஆண்டுக் குருத்தோலையை முந்திய ஞாயிறே கோவிலில் சேர்த்துவிடுங்கள். திருநீறு அதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: எல்லா அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. கோவிலில் வாசிப்பதை நிறுத்திவிடலாம் என்கிறார்கள் எங்கள் இளைஞர்கள்.

குழுவில் போடட்டும், நல்லதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் ஊர்ச் செய்தி அறிகிறார்கள். ஆனால் ஒருவரின் நோய் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் அதில் போடக் கூடாது. கோவிலில் வாசிப்பதை நிறுத்தவும் கூடாது. கைப்பேசி இல்லாதவர்கள் பெரும்பாலும் முன் வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள். மேலும், இறப்புச் செய்தியைக் கைப்பேசியில் பார்ப்பவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். கோவிலில், “இன்ன தெருவைச் சேர்ந்த இன்னார் நேற்றிரவு இறைவனடி சேர்ந்தார், அடக்கத் திருப்பலி இன்று மாலை நான்கு மணிக்கு” என்று வாசித்து ஒரு கணம் நிறுத்தினால், பெண்கள் பக்கத்திலிருந்து “ஆண்டவரே” என்று ஒரு மெல்லிய குரல் எழும். நான்கு மணிக்கு யார் யார் வருவார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.