மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மற்றவர் மனசு புரியாதா?

மொழி வளர்ச்சிக் குறைபாடு (பேசுவதிலும் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை) உள்ள உங்கள் ஆறு வயது மகன், கதை சொல்லும்போது யார் என்ன செய்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறான், யார் என்ன நினைத்தார்கள் என்று சொல்வதே இல்லை, அவனுக்கு அது புரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி உடனே முடிவு கட்டாதீர்கள்.

'பிடிக்கும்', 'பயமா இருக்கு' போன்ற சொற்கள் எல்லாம் இந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் ஓரளவு வந்துவிடும். சிக்கல் 'நினைச்சான்', 'மறந்துட்டான்' பக்கம்தான். 'பந்து பெட்டியில் இருக்கிறது என்று அக்கா நினைத்தாள்' என்பதில் ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்று. பந்து உண்மையில் கூடையில் கிடக்கலாம். ஆனாலும் மொத்த வாக்கியம் சரிதான். இந்த அடுக்கைக் கட்டுவதுதான் கஷ்டம்.

1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் மற்றவர் ஒன்றைத் தவறாக நினைத்திருப்பது குழந்தைகளுக்குப் புரிகிறதா என்று ஒரு கதையை வைத்துச் சோதித்தார்கள். பையன் அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? தான் வைத்த பழைய அலமாரியில்தான். பொதுவாக நாலைந்து வயதில் குழந்தைகள் சரியாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். மொழிக் குறைபாடு உள்ளவர்கள் பலர் இதில் பின்தங்குகிறார்கள். ஆனால் கேள்வியை எளிதாக்கினால் அவர்களிலும் பலர் தேறிவிடுகிறார்கள்! அதாவது, தடுமாற்றத்தில் ஒரு பங்கு கேள்வியின் மொழியால் வருவது.

வீட்டில் 'அவன் என்ன நினைக்கிறான், சொல்லு' என்று நச்சரிக்காமல் நீங்களே பேசிக் காட்டுங்கள்: 'சாவி பையில இருக்குன்னு நினைச்சேன், பார்த்தா மேசை மேல கிடக்கு.' அப்புறம், பேச்சுப் பயிற்சியாளர் சொல்வளத்தைச் சோதிக்கும்போது பொருட்களின் பெயரோடு நின்றுவிடாமல் 'நினைச்சான்', 'மறந்துட்டான்' போன்ற வினைச்சொற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.