வெயிலில் தெரியாத டேப்லெட்டை வாங்கி என்ன செய்வது?

கேள்வி: மகன் ஜெர்மனியில் பொறியியல் படிக்கிறான். அங்கே மாணவர்கள் நடத்தும் கிளைடர் சங்கத்தில் சேர்ந்து, என்ஜின் இல்லாத விமானம் ஓட்டப் பழகுகிறான். உள்ளே வரைபடம் பார்க்க டேப்லெட் வேண்டுமாம். துபாயில் இருக்கும் என் தம்பியிடம் 11 அங்குலத்தில் நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: 11 அங்குலம் வேண்டாம் அம்மா. கிளைடரில் ஓட்டுபவர் காலை நீட்டிப் பாதி படுத்த மாதிரிதான் இருப்பார். முழங்காலுக்கு நடுவே கட்டுப்பாட்டுக் கோல், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கருவிப் பலகை, அவ்வளவுதான் இடம். பெரிய திரையை மாட்டினால் ஒன்று கருவிகளை மறைக்கும், இல்லை கோலில் இடிக்கும். 7, 8 அங்குலம் தாராளம். கைப்பேசியையே மாட்டிக்கொண்டு பறப்பவர்களும் உண்டு. எதை மாட்டினாலும் கோல் எல்லாப் பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா, அவசரத்தில் மேல்மூடியைக் கழற்றி வெளியே குதிக்க வழி இருக்கிறதா என்று தரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் வெளிச்சம். சாதாரண டேப்லெட்டின் திரை 300 முதல் 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தரும். வீட்டுக்குள் அது போதும். கிளைடரின் மேல்மூடியோ முழுக்கக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். நேர் வெயிலில் படிக்க 1000 நிட்ஸ் பக்கம் இருந்தால்தான் நிம்மதி. இதனாலேயே சில கிளைடர்காரர்கள் டேப்லெட்டை விட்டுவிட்டு, புத்தகம் படிக்கும் கோபோ கருவியில் எக்ஸ்சிசோர் என்ற செயலியை ஏற்றிப் பறக்கிறார்கள். மின்தாள் திரை என்பதால் வெயில் ஏற ஏற நன்றாகத் தெரியும், மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும். படம் மெதுவாக மாறும் என்பதுதான் குறை. எக்ஸ்சிசோர் இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஓடும். இருக்கும் உயரம், காற்று, அந்தக் கிளைடரின் திறன் மூன்றையும் வைத்து, இறங்கும் திடலுக்கு மிதந்தே போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும்.

அடுத்தது சூடு. ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரைக்கும் பயன்படுத்தலாம் என்றுதான் ஆப்பிளே சொல்கிறது. மேல்மூடிக்குக் கீழே வெயிலில் கருவாடாகக் காயும் டேப்லெட் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். முதலில் திரை தானாக மங்கும், அப்புறம் எச்சரிக்கை போட்டு வேலையை நிறுத்திவிடும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது என்பதையும் தம்பியிடம் சொல்லிவையுங்கள். சிம் போடும் வகையில்தான் இருக்கிறது.

இன்னொன்று உங்கள் நிம்மதிக்காக. டேப்லெட் காட்டுவது தரைமேல் போகும் வேகம். இறக்கைக்கு வேண்டியது காற்றில் போகும் வேகம். எதிர்க்காற்று அடித்தால் இரண்டும் வேறு வேறு. ஆகவே வேகமானி, உயரமானி, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர் ஆகியவை பலகையில் தனியாக இருக்கும். டேப்லெட் அணைந்தாலும் விமானத்தை ஓட்ட முடியும், பயப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால் துபாயில் வாங்கவே வேண்டாம். வாரண்டி ஜெர்மனியில் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணத்தை அனுப்பிவிடுங்கள். சங்கத்தில் மூத்தவர்கள் எதை மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து மகனே வாங்கட்டும்.

கேள்வி: ஐயா, நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். பழைய ஜி.பி.எஸ். கருவியின் திரை மங்கிப்போச்சு. புதிய கருவி வாங்கும் காசுக்குப் பெரிய டேப்லெட்டே வாங்கலாம் என்கிறான் மகன். டவர் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? எல்லைக் கோட்டை நம்பலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் கட்டாயமில்லை. செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவதால் நடுக்கடலிலும் இடம் காட்டும். ஆனால் வரைபடம் இணையத்திலிருந்து வருவது. கரையில் இருக்கும்போதே இறக்கி வைக்காவிட்டால் வெறும் நீலத் திரையில் ஒரு புள்ளிதான் மிஞ்சும். டவர் உதவி இல்லாமல் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அதனால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். ரோமிங்கை அணைத்து வையுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மேலே கீழக்கரை அம்மாவுக்குச் சொன்ன வெயிலும் சூடும் உங்களுக்கும் உண்டு. வாங்கும்போது உச்சி வெயிலில் கடைக்கு வெளியே தெருவில் நின்று திரையைப் பாருங்கள். கடைக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். கூலிங்கிளாஸ் போடுபவராக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி என்றால் ஏதாவது ஒரு பக்கம் திருப்பும்போது திரை கறுத்துப்போகலாம். அப்புறம் விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்ட திரை தொட்டால் கேட்காது, தொடாமலே தானாக ஓடவும் செய்யும். கச்சான் காற்றில் அலை தெறிக்கும்போது பொத்தான் வைத்த உங்கள் பழைய கருவியின் அருமை தெரியும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து யு.எஸ்.பி. மாற்றி போடுவீர்கள். மலிவான மாற்றிகள் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸில் இரைச்சலைக் கிளப்பும். கிளைடர்காரர்களின் ரேடியோவிலும் இதே தொல்லை உண்டு. மாற்றியைப் போட்டும் அணைத்தும் 16-ஆம் சேனலைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். காந்தம் வைத்த டேப்லெட் உறையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், முள் விலகும்.

எல்லைக் கோடு விஷயத்தில் நான் கறார். ஜி.பி.எஸ். சில மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்களின் கடல் எல்லைக் கோட்டை ஒரு செயலி எங்கே வரைந்திருக்கிறது என்பது அதைச் செய்தவர் கையில் இருக்கிறது. பொது வரைபடச் செயலியை இதற்கு நம்பவே கூடாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி தமிழில் இருக்கிறது, எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். அதிலும் கோடுவரை போய் நிற்காமல் தள்ளியே திரும்புங்கள். என்ஜின் நின்றால் நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு கொடுக்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். மத்திய அரசு ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் என்ற தொடர்புக் கருவியைப் பொருத்தும் திட்டத்தை 2024-இல் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி போகும், புளூடூத் மூலம் கைப்பேசியில் பார்க்கலாம். உங்கள் படகுக்கு அது உண்டா என்று கேளுங்கள். கிடைத்தால் அதற்குத் திரையாக ஒரு சாதாரண 8 அங்குல டேப்லெட் போதும்.

மொத்தத்தில், பொத்தான் வைத்த சின்ன ஜி.பி.எஸ். கருவியை முதலில் வாங்குங்கள். மிச்சக் காசு இருந்தால் டேப்லெட். மாற்றிச் செய்யாதீர்கள்.

கேள்வி: ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று விற்ற டேப்லெட்டைப் படகில் வைத்திருந்தேன். சார்ஜ் போடும் துளை துருப்பிடித்துவிட்டது. தண்ணீர் புகுந்ததால் வாரண்டி கிடையாது, அதோடு நீங்கள் தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோரே இல்லை என்கிறார்கள் விற்றவர்கள். என்ன செய்வது?
– வாசகர், மண்டபம்

பதில்: முதல் பாதியில் அவர்களுக்கு வாதம் இருக்கிறது. தூசும் தண்ணீரும் புகாது என்று காட்டும் ஐ.பி.68 என்ற முத்திரை நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுப்பது, கடல் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை. வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் அது இருக்கும். ஆனால் விளம்பரத்திலோ கடையிலோ கடலுக்கு, படகுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். பழுதுபார்க்க மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் பாதி சரியில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருள் வணிகக் கணக்கில் வராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நீங்களே கடலுக்குப் போகிறவர் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், பாதிப் பேர் அதிலேயே இறங்கிவருவார்கள். வராவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.