ஆளுநரின் வேளாண் பிரகடனம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்க மாநிலங்களில் ஆளுநரே ‘வேளாண் வாரம்’, ‘வேளாண் நாள்’ என்று பிரகடனம் வெளியிட்டு விவசாயத்தைச் சிறப்பிப்பதாகப் படித்தேன். அதனால் உழவருக்குக் கிடைப்பது என்ன?

பதில்: நேரடியாக எதுவும் கிடைப்பதில்லை. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில நிர்வாகத்தைத் தலைமையேற்று நடத்துபவர்; ஆனாலும் அவர் வெளியிடும் இத்தகைய சிறப்புப் பிரகடனத்துக்குச் சட்ட வலிமை கிடையாது, நிதி ஒதுக்கீடும் அதனால் வந்துவிடாது. மாநிலத்தின் முதன்மையான பயிர்கள், கால்நடைகள், அவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் ஆகியவற்றைக் காரணங்களாக அடுக்கிச் சொல்லி, இன்ன நாளை அல்லது வாரத்தை வேளாண்மைக்கு உரியதாக அறிவிப்பதாக ஆளுநர் கையொப்பமிடுவார். பல நேரங்களில் உழவர் அமைப்புகளே வேண்டுகோள் விடுத்து, வாசகத்தையும் எழுதிக் கொடுக்கின்றன. 1973-இல் தொடங்கிய தேசிய வேளாண் நாள் மார்ச் மாதத்தில் வருவதால், இவற்றில் பல அந்த மாதத்தையொட்டியே வெளியாகின்றன.

இதை வைத்து எல்லாப் பிரகடனங்களையும் வெற்றுக் காகிதம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். மரங்கள் அரிதாயிருந்த புல்வெளி மாநிலமான நெப்ராஸ்காவில், ஜே. ஸ்டெர்லிங் மார்ட்டன் என்பவர் மரம் நடுவதற்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று மாநில வேளாண் வாரியத்திடம் முன்மொழிந்தார். அதிக மரங்களை நடும் கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டத்தைப் போன்ற பிரிவு அது) தனி நபர்களுக்கும் பரிசு உண்டு என்று வாரியம் அறிவிக்க, 1872 ஏப்ரல் 10 அன்று ஏறத்தாழ 10 லட்சம் மரங்கள் நடப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. ஆளுநர் ராபர்ட் ஃபர்னாஸ் அந்த நாளை அதிகாரபூர்வமாகப் பிரகடனப்படுத்தியது அதன் பின்னர், 1874-இல்தான். 1885-இல் அது மாநிலத்தின் சட்டபூர்வ விடுமுறை நாளாயிற்று. காற்றைத் தடுக்கவும் மண்ணைக் காக்கவும் விறகுக்கும் மரம் தேவைப்பட்ட குடியேறிகள் ஏற்கெனவே மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள் என்பதால்தான் அந்தக் கையொப்பத்துக்குப் பொருள் இருந்தது. வேலை முன்னே நடந்து அறிவிப்பு பின்னே வந்த இந்த வரிசையை இன்றைய ஆளுநர்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால், உழவருக்கு உண்மையாகவே உதவும் ஆளுநரின் கையொப்பம் எது?

பதில்: பேரிடர்க் காலத்தில் அவர் கூட்டாட்சி அரசின் வேளாண் துறைச் செயலருக்கு அனுப்பும் வேண்டுகோள் கடிதம். அந்தப் பதவி நம் மத்திய அமைச்சருக்கு நிகரானது. இயற்கைச் சீற்றத்தால் ஒரு கவுண்டியில் ஏதேனும் ஒரு பயிரிலாவது விளைச்சல் 30 விழுக்காடு குறைந்திருந்தால், ஆளுநரின் கோரிக்கையின் பேரில் செயலர் அதைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்தக் கவுண்டியில் மட்டுமன்றி அதை ஒட்டிய கவுண்டிகளில் உள்ள உழவர்களும், தகுதியிருப்பின், குறைந்த வட்டியில் அவசரக் கடன் கேட்டு 8 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க முடியும். கடும் வறட்சிக்கு மட்டும் 2012 முதல் விரைவு நடைமுறை உள்ளது. எங்கே எவ்வளவு கடுமையான வறட்சி என்று காட்டும் வறட்சி வரைபடத்தின் தரநிலையைக் கொண்டே, ஆளுநரின் கடிதத்துக்குக் காத்திராமல் அறிவிப்பு வெளியாகிவிடும். வெள்ளம், ஆலங்கட்டி மழை, உறைபனி போன்றவற்றில் விளைச்சல் இழப்பைக் கணக்கெடுத்து, உரிய காலத்துக்குள் கோரிக்கை அனுப்பியாக வேண்டும். அங்கே ஒரு வாரத் தாமதமும் அடுத்த பருவத்துக்கு விதை வாங்கப் பணமின்றி நிற்கும் குடும்பத்தைத்தான் தாக்கும்.