லோடு ஏற்றி மலையேறினால் டீசல் பிக்கப்பில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கொதிக்கிறது. தனியாகக் கூலர் போடலாமா, பம்ப்பை மாற்ற வேண்டுமா?

பம்ப்பை இப்போதைக்கு மாற்றாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் பொறுமையாகப் படியுங்கள்.

லோடோடு ஏறும்போது ஸ்டீயரிங் முனகுகிறது, பாதி மலையில் கனமாகிவிடுகிறது, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடி ஓரமாக ஆயில் வழிகிறது, மறுநாள் காலையில் எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் பம்ப் போச்சு என்கிறார், கூலர் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் அமெரிக்கா வண்டிக்குத்தான்" என்கிறார். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். உங்களுடையது பெரும்பாலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வண்டியாக இருக்கும், பம்ப் விலையைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் பிக்கப் ஓட்டுகிறேன். ஏறும்போது சிமெண்ட், உரம், மளிகை. இறங்கும்போது பலா, அன்னாசி, மிளகு, எது கிடைக்கிறதோ அது. காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவு. லோடு வண்டியில் அந்த ஏற்றம் முழுக்க இரண்டாவது கியர், சில இடத்தில் முதல் கியர். என்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், வண்டி நகர்வதோ மெதுவாக. ஸ்டீயரிங் ஆயிலுக்கு இதைவிடக் கெட்ட வேலை கிடையாது.

ஏன் என்றால், பம்ப் பெல்ட்டில் சுற்றுகிறது. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு ஆயிலைத் தள்ளும். தேவைக்கு மேல் தள்ளியதை உள்ளேயே இருக்கும் வால்வு திருப்பிவிடும், அந்தச் சுற்றலிலேயே ஆயில் சூடாகும். அதைவிட மோசம் ஃபுல் லாக். வளைவில் கடைசி வரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது ஆயிலுக்குப் போக வழி இல்லை. ரிலீஃப் வால்வு திறந்து அத்தனை அழுத்தமும் வெறும் சூடாக மாறுகிறது. பம்ப் நிமிடத்துக்கு 8 லிட்டர் தள்ளுகிறது, வால்வு 100 பார் அழுத்தத்தில் திறக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 1,300 வாட் வருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி பெரும்பாலும் 1,000 வாட். அதைவிடப் பெரிய ஒன்றை ஒரு லிட்டர் ஆயிலுக்குள் போட்டு வைத்த மாதிரி. பத்து விநாடி அப்படியே பிடித்திருந்தால் ஆயில் ஏழெட்டு டிகிரி ஏறிவிடும். 70 வளைவுக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் கதை. ஒரு நாள் ராத்திரி காளப்பநாயக்கன்பட்டி பக்கம் மாடு குறுக்கே வந்து வண்டியின் முன்பக்கம் அடிபட்டது. பம்பர், கிரில், ரேடியேட்டர் வேலை எல்லாம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. வண்டி அழகாகத்தான் வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் முனகல் ஆரம்பித்தது. பம்ப் மாற்றினார்கள். சில மாதம் சும்மா இருந்தது, மறுபடி அதே சத்தம். இந்த முறை பம்ப்போடு, சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டீயரிங் ரேக்கும் மாற்ற வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புது பம்ப் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்றால் போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்றார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நாமக்கல் லாரி ஊர் என்பதால் ஸ்டீயரிங் வேலை மட்டுமே பார்க்கிற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பம்ப்பைத் தொடவே இல்லை. டப்பா மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுப்புக் கலந்த பழுப்பாக இருந்தது, தீய்ந்த வாசனை அடித்தது. டப்பாவின் அடியில் சின்னதாக ஒரு வலை இருக்கும், அதில் மை மாதிரிப் படிந்திருந்ததை விரலால் வழித்துக் காட்டினார். "பம்ப் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆயில்தான் வெந்து போச்சு" என்றார். பிறகு ரேடியேட்டர் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க ஒரு பைப் வளைஞ்சு போயிட்டு வருமே, எங்க அது?" என்று கேட்டார்.

விஷயம் அதுதான். ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பும் ஆயில், என் வண்டியில் நேராகப் போகாது. ஒரு இரும்புக் குழாய் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப்படும் இடத்தில் போய் வளைந்து திரும்பும். கம்பெனி வைத்த கூலரே அதுதான். இறக்கைத் தகடு எதுவும் இருக்காது, பார்த்தால் சும்மா ஒரு குழாய் மாதிரி இருக்கும். மாடு மோதியதில் அது நசுங்கியிருக்கிறது. புதுசு வாங்கிப் போடாமல் குழாயைக் கழற்றிவிட்டு இரண்டு முனையையும் ஒரு துண்டு ஓஸ் போட்டு நேராக இணைத்துவிட்டார்கள். பில்லிலும் இல்லை, வாயாலும் சொல்லவில்லை.

எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் வண்டியில் அந்தக் குழாய் இருக்கிறதா, நசுங்காமல் இருக்கிறதா, அதன் மேல் சேறு அப்பியிருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் பெல்ட் தொய்வு, முன் டயர் காற்று, முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடுகிற பால் ஜாயிண்ட் இறுகியிருக்கிறதா என்பது. டயரில் காற்று குறைந்தாலே பம்ப்புக்கு வேலை கூடிவிடும். ரிட்டர்ன் ஓஸ் சில சமயம் வெளியே நன்றாக இருந்து உள்ளே உரிந்து அடைத்துக்கொள்ளும், அதையும் பாருங்கள். டப்பாவில் நுரை நின்றால் எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். காற்று கலந்த ஆயில்தான் முனகும், வழியும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கூலர் மட்டும் போட்டால் பிரயோஜனம் இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சூடாகிறது என்றால் தாராளமாகக் கூலர் போடுங்கள். நான் பழைய குழாயையும் புதுசாக வாங்கிப் போட்டு, அதோடு இறக்கைத் தகடு வைத்த சின்ன அலுமினியக் கூலர் ஒன்றையும் சேர்த்தேன். ரிட்டர்ன் லைனில்தான் போட வேண்டும், அழுத்தம் போகிற லைனில் கையே வைக்கக் கூடாது, அந்த அழுத்தத்தை இந்தக் கூலர் தாங்காது. ஓஸ் ஆயிலுக்கும் சூட்டுக்கும் ஆனதாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணி ஓஸை வெட்டி மாட்டினால் உப்பி, ஒரு நாள் சைலன்சர் மேல் ஆயிலைக் கொட்டும், தீப்பிடிக்கிற ஆபத்து அது. குழாயின் உள் அளவு பழசைவிடக் குறுகக் கூடாது. மாட்டியதும் பழைய ஆயிலை முழுதாக எடுத்துவிட்டு, முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, என்ஜின் போடாமலே இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பல முறை ஒடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். என்ன ஆயில் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பல வண்டிகளுக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற ஆயில்), சிலவற்றுக்கு வேறு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால் வாங்காதீர்கள்.

முன்பு மேலே சோளக்காடு போய்ச் சேர்ந்ததும் டப்பாவில் சூடு பார்க்கிற துப்பாக்கியைக் காட்டினால் 100 டிகிரியைத் தாண்டும். இப்போது 80 பக்கம் நிற்கிறது. சத்தம் இல்லை.

அமெரிக்கா வண்டி என்று சொன்ன மெக்கானிக் முழுப் பொய் சொல்லவில்லை. டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அங்கே ஃபோர்டு, ஷெவர்லே, ராம் பெரிய டீசல் பிக்கப்களில் இந்த ஸ்டீயரிங் பம்ப்பே பிரேக்குக்கும் உதவும், ஹைட்ரோபூஸ்ட் என்பார்கள். ஒரே ஆயில் இரண்டு வேலை, பின்னால் டன் கணக்கில் டிரெய்லர் வேறு, அதனால் அங்கே கூலர் சாதாரணம். நம் ஊர்ப் பிக்கப்களில் பெரும்பாலும் தனி வேக்யூம் பம்ப் பிரேக்கைப் பார்த்துக்கொள்கிறது. அதற்காக நம் ஆயில் சூடாகாது என்று ஆகிவிடாது. அவர்களுக்கு டிரெய்லர், நமக்கு வளைவு.

"ஓவர்லோடு ஏத்திட்டுப் பேசறான்" என்று யாராவது கருத்தில் எழுதுவீர்கள். நான் எடைச் சீட்டு இல்லாமல் மலை ஏறுவதில்லை. "கம்பெனி என்ஜினியருக்குத் தெரியாததா" என்பவர்களுக்கு: அவர்களுக்குத் தெரிந்ததால்தான் அந்தக் குழாயை வைத்தார்கள். கழற்றியது வேறு ஆள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். மலைப் பாதையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், சட்டமே அப்படித்தான். சனி ஞாயிறு வந்தால் காரில் வருபவர்கள் வளைவிலேயே நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். லோடு வண்டி வளைவின் நடுவில் நின்றால் ஹேண்ட் பிரேக்கில் பிடித்து, கிளட்ச் தேய, ஃபுல் லாக்கில் ஒடித்தபடியே மறுபடி கிளம்ப வேண்டும். பின்னால் ஒரு டன் சிமெண்ட் இருக்கிறது. பத்தடி தள்ளி நேர் ரோட்டில் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? எங்கள் பிழைப்பு அந்த ரோட்டில்தான் நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வாரண்டியில் இருந்தால் ஓஸை வெட்டாதீர்கள், சர்வீஸ் சென்டரில் அந்தக் குழாயைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆயில் டப்பாவே இல்லாத எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டிக்கு இது எதுவும் பொருந்தாது. என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. கிரில்லுக்குப் பின்னால் ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள், குழாய் இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.