ஆரம்பிச்ச போட்டோ ப்ராஜெக்ட்டை முடிக்கவே முடியல, நடையும் பயணமும் உதவுமா?

திருச்சில இருக்கேன், நல்ல கேமரா இருக்கு, ஹார்ட் டிஸ்க் ரொம்பிடுச்சு, பாதி எழுதின பயணக் கட்டுரைங்க கிடக்கு, எதையும் முடிக்க முடியல, புதுசா எங்கயாவது ட்ரிப் அடிச்சா உத்வேகம் வருமான்னு கேட்டிருக்கீங்க. வரும்ங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா உத்வேகம் வர்றது வேற, வேலை முடியறது வேற. வேலை முடியணும்னா ஏற்கெனவே போன இடத்துக்கே திரும்பத் திரும்ப நடக்கணும். என் விஷயத்துல இதுதான் நடந்துச்சு.

நான் மதுரைக்காரன். மதுரையச் சுத்தி இருக்கிற சமண மலைகளைப் பத்தி படமும் குறிப்புமா ஒரு சின்ன புத்தகம் முடிச்சிருக்கேன். கடைக்கு வந்த புத்தகம் இல்ல, லேப்ல பிரிண்ட் போட்டு பைண்ட் பண்ணி வேண்டியவங்களுக்கு மட்டும் குடுத்தது. அது எப்படி முடிஞ்சதுன்னு சொல்றேன், உங்களுக்குத் தோதானத எடுத்துக்கங்க.

முதல்ல எல்லை. மதுரைன்னு பொதுவா தலைப்பு வச்சிருந்தா இன்னும் எடுத்துக்கிட்டேதான் இருந்திருப்பேன், மீனாட்சியம்மன் கோயில் இருக்கு, சித்திரைத் திருவிழா இருக்கு, விடிய விடிய நடக்கிற இட்லிக்கடை இருக்கு, எங்க போய் நிறுத்துறது? அதனால சமணத் துறவிங்க படுக்கறதுக்குப் பாறைல வெட்டின கற்படுக்கையோ சமணச் சிற்பமோ இருக்கிற மலை, அதுவும் விடியக்காலம் கிளம்பிப் போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடற தூரம், அவ்வளவுதான்னு வச்சுக்கிட்டேன். கீழக்குயில்குடி, முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம், யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு. இப்படி பேர் பேரா எழுதி செவுத்துல ஒட்டிட்டா எது மிச்சம்னு தெரியுது, மிச்சம் தெரிஞ்சா கால் தானா கிளம்பும்.

கீழக்குயில்குடி சமணமலை தெரியும்ல, அடிவாரத்துல தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில்னு பாக்கவே அம்சமா இருக்கும். அங்க செட்டிப்புடவுன்னு ஒரு குகை, வாசல்ல பெரிய தீர்த்தங்கரர், அதான் சமணர்கள் கும்பிடற பெரிய குரு, சிலையா உக்காந்திருப்பார், நீளமான காதப் பாத்துட்டு ஊர்க்காரங்க செட்டியார்னு சொல்லிட்டாங்க, இடத்துக்கும் அதே பேரு. முதல் தடவ போறவங்க எல்லாரும் அவரத்தான் எடுப்பாங்க, நானும் அதான் எடுத்தேன். திரும்பத் திரும்பப் போனதுக்கு அப்புறம்தான் குகைக்குள்ள மேல செதுக்கியிருக்கிற யட்சி, அதாவது சமணக் காவல் தெய்வம், அவ மேல கண்ணு நின்னுச்சு, சிங்கத்து மேல ஏறி வில்லோட நிக்கறா, எதிர்ல யானை மேல ஒருத்தன் வாளும் கேடயமுமா வர்றான். ஆயிரம் வருஷம் தாண்டின சண்டை அது. புத்தகத்துக்கு நடுப்பக்கம் அதுதான்.

இன்னொண்ணு, எல்லா லென்ஸையும் தூக்கிட்டுப் போகாதீங்க. நான் ஒரே ஒரு 35 எம்எம் லென்ஸ் மட்டும்தான் கொண்டு போனேன். ஜூம் இல்லாததால கிட்ட வேணும்னா நடந்து கிட்டப் போகணும், தூரம் வேணும்னா பாறையில பின்னாடி ஏறணும். அப்படி ஏறி எறங்கறப்பதான் இடம் புரியும், அதோட எல்லாப் படமும் ஒரே ஆளு பாத்த மாதிரி இருக்கும், கடைசில வரிசைப்படுத்தறப்ப அதோட அருமை தெரியும்.

மாங்குளம் மலைல இருக்கிறது தமிழி எழுத்து, பாறைல வெட்டின ரொம்பப் பழைய தமிழ் எழுத்து, தமிழ் பிராமின்னும் சொல்வாங்க. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் அதுக்குக் குடுத்த காலம் கி.மு. 2-ம் நூற்றாண்டு, நெடுஞ்செழியன்னு பாண்டியன் பேரே அதுல இருக்கு. ஆனா உச்சி வெயில்ல போய் நின்னா ஒண்ணுமே தெரியாது, வெறும் பாறை. வெயில் சாஞ்சு விழற நேரத்துல போனீங்கன்னா ஒவ்வொரு வெட்டுக்குள்ளயும் நிழல் எறங்கி எழுத்து எழுந்து நிக்கும், பாக்கறப்ப மயிர்க்கூச்செடுக்கும்ங்க எனக்கு. நிழலான இடமா இருந்தா போன் டார்ச்ச பாறையோட ஒட்டினாப்ல பக்கவாட்டுல பிடிங்க, அதே மாதிரி தெரியும். சில பேரு சாக்பீஸ் போட்டு எழுத்த எடுப்பா காட்டறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. அப்புறம் மேல கவனிங்க, குகை நெத்தியில நீளமா ஒரு காடி, கோடு மாதிரி பள்ளம், வெட்டியிருப்பாங்க, மழைத்தண்ணி உள்ள வழியாம அங்கயே சொட்டி வெளிய விழறதுக்கு. கீழ படுக்கைல தலை வைக்கிற எடம் மட்டும் கொஞ்சம் மேடா இருக்கும். கைய வச்சுப் பாத்தா வழுவழுன்னு இருக்கும். இந்தக் காடியையும் தலைமேட்டையும் எழுத்தையும் புத்தகத்துல ஒரே பக்கத்துல சேத்து வைக்கணும்னு தோணின அன்னிக்குத்தான் புத்தகம் எப்படி இருக்கும்னே எனக்குப் புரிஞ்சது.

மகாதேவன் பேரு வந்ததால சொல்றேன், முடிக்கிறதப் பத்தி யோசிக்கறப்பல்லாம் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார். ஐஏஎஸ் அதிகாரி, வேலைக்கு நடுவுல மலை மலையா ஏறி இந்தக் கல்வெட்டுகளைப் படிச்சவர். 1966ல கையில இருந்ததைத் தொகுத்து வெளியிட்டார். அதுக்கப்புறம் சிந்துவெளி எழுத்துப் பக்கம் போயி 1977ல அதுக்குப் பெரிய தொகுப்பு போட்டார், தினமணிக்கு ஆசிரியரா இருந்தார், திரும்ப மலைகளுக்கே வந்து எல்லாத்தையும் புதுசா சரிபார்த்து 2003ல முழுப் புத்தகம் கொண்டு வந்தார். 1966லயே அந்த அளவுக்கு ஒண்ணு முடிஞ்சு வெளிய வந்திருந்ததாலதான் 2003ல அத வளர்க்க முடிஞ்சதுன்னு நான் நினைக்கிறேன். சின்னதா முடிங்க, பெருசு அப்புறம் வரட்டும்.

இப்ப ஹார்ட் டிஸ்க்குக்கு வர்றேன். கேரி வினோகிராண்ட்னு அமெரிக்கத் தெரு போட்டோகிராஃபர், ரொம்பப் பெரிய ஆளு, 1984ல செத்துப் போனப்ப கழுவாம வச்சிருந்த ஃபிலிம் மட்டும் சுமார் 2500 ரோல். அவரே பாக்காத படங்கள். இன்னொரு போட்டோகிராஃபர் ராபர்ட் ஃப்ராங்க் 1955, 56ல அமெரிக்கா முழுக்க கார்ல சுத்தி ஏறக்குறைய 28,000 படம் எடுத்தார், அதுல ஆயிரம் போல பிரிண்ட் போட்டு செவுத்துல குத்தி, தரைல பரப்பி, மாத்தி மாத்தி வச்சு, கடைசில புத்தகத்துக்கு வந்தது 83. நம்ம ஹார்ட் டிஸ்க்கெல்லாம் வினோகிராண்ட் பக்கம்தான் சாஞ்சு கிடக்கு, அவர் திறமை இருந்தாக்கூட பரவால்ல.

அதனால பிரிண்ட் போடுங்க. ஸ்க்ரீன்ல பாத்துப் பாத்து ஸ்டார் குடுத்தா ஒரு நாளும் முடியாது. நான் லேப்ல மேக்ஸி சைஸ்ல மாட் பேப்பர்ல போட்டு ஹால் தரை முழுக்கப் பரப்பி வச்சேன், ஃபேன கூடப் போடல. எங்கம்மா அடுப்படிக்குப் போக வழி இல்லாம ஓரமா நடந்து வந்தவங்க குனிஞ்சு பாத்துட்டு, "ஏன்டா, இதும் இதும் ஒண்ணுதானேடா, எதுக்கு ரெண்டு?"ன்னாங்க. எனக்கு அது ரெண்டும் வேற வேற காலை, வேற வேற வெளிச்சம், ஒண்ணுக்காக எவ்வளவு தூரம் ஏறினேன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா பாக்கறவங்களுக்கு ஒண்ணுதான். அம்மா கையில எடுத்துக் குடுத்ததையெல்லாம் ஒதுக்கி வச்சேன், புத்தகம் உருவம் வந்தது அப்பதான். போட்டோகிராஃபி தெரியாத, உங்க மேல பாசமா இருக்கிற ஒருத்தர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க.

அச்சுக்கு கல்யாண ஆல்பம் போடற லேப்புக்குத்தான் போனேன். அங்க எல்லாமே ஷீட் கணக்கு, ஒரு ஷீட் கூடினா காசும் கூடும், அதனால எது போகணும் எது இருக்கணும்னு முடிவு பண்ண வேற வழியே இல்ல, அது ரொம்ப நல்லதாப் போச்சு. தேதியும் வச்சுக்கிட்டேன், கீழக்குயில்குடி டீக்கடை அண்ணன்கிட்ட "பொங்கலுக்கு கொண்டாந்து குடுத்துர்றேண்ணே"ன்னு சொல்லிட்டேன், அவர் அப்புறம் போறப்பல்லாம் "என்ன தம்பி, புஸ்தகம் என்னாச்சு"ன்னு கேட்டார். நமக்கு நாமே வைக்கிற கெடு எல்லாம் நிக்காது, கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்.

கட்டுரை பாதில நிக்குதுன்னு சொன்னீங்கல்ல, நடக்கறப்பவே வாய்ஸ் நோட் போடுங்க. மேசைல உக்காந்தா வராத வாக்கியம் மலை எறங்கறப்ப வரும், மூச்சு வாங்கிக்கிட்டே பேசினாலும் பரவால்ல, வீட்டுக்கு வந்து அன்னிக்கே டைப் அடிச்சிருங்க. என் குறிப்பெல்லாம் அப்படி வந்ததுதான், பெருசா திருத்தவே இல்ல.

உத்வேகம் எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, உண்மையச் சொல்றேன், பாதி அழகுல இருந்து வந்துச்சு, பாதி பயத்துல இருந்து. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக வெட்டின குழிகளைப் பாத்தவங்களுக்குத் தெரியும். அரிட்டாபட்டி 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு, அந்தப் பகுதியையே டங்ஸ்டன் சுரங்க ஏலத்துல சேத்தாங்க, ஊர் ஊரா சனம் திரண்டு நின்னுதான் 2025 ஜனவரில அது ரத்தாச்சு. அந்த மாசங்கள்ல நான் எடுத்த படம் எதுவும் அழகுக்காக எடுத்தது இல்ல.

உங்களுக்கு மதுரை வரணும்னு அவசியம் இல்ல. திருச்சிலயே உய்யக்கொண்டான் வாய்க்கால் இருக்கு, சோழர் காலத்தது, பேட்டவாய்த்தலைல காவிரில பிரிஞ்சு, வயல்வெளி தாண்டி, ஊருக்குள்ள பூந்து, கடைசில வாழவந்தான்கோட்டை ஏரில போய் விழுது. எங்க ஆரம்பம் எங்க முடிவுன்னு வாய்க்காலே சொல்லிடுது பாருங்க, நீங்க எல்லை தேட வேண்டியதே இல்ல. வாரம் கொஞ்ச தூரம் கரையோட நடங்க, ஒரு லென்ஸ் போதும். மேட்டூர் வழக்கமா ஜூன் 12 தொறப்பாங்க, அதனால கோடைல வாய்க்கால் வறண்டு கிடக்கறப்ப மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ எடுத்து முடிச்சிருங்க, தண்ணி வந்தப்புறம் அதே இடங்கள்ல நின்னு இன்னொரு தடவ. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு பிரிண்ட் போட்டீங்கன்னா சொல்லுங்க, திருச்சி வந்து பாக்கறேன்.