பொற்கோயிலுக்கு வெளிநாட்டு மருமகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் மகன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸில் வசிக்கிறான். மருமகள் அந்நாட்டுப் பெண். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். சென்ற முறை வந்தபோது நம் பக்கத்துக் கோயில் ஒன்றில் கொடிமரத்துக்கு அப்பால் அவளை விடவில்லை, மிகவும் வாடிப்போனாள். இப்போது அமிர்தசரஸ் பொற்கோயிலைப் பார்க்க விரும்புகிறாள். அங்கும் அப்படி நேருமா? அங்கே இலவசமாக அளிக்கும் உணவை, வசதியுள்ள நாங்கள் உண்பது முறையா?

– வாசகி, காரைக்கால்

பதில்: கவலையை விடுங்கள், அம்மா. ஹர்மந்திர் சாகிப் என்று சீக்கியர்கள் போற்றும் அந்தத் தலத்துக்கு நான்கு திசைகளிலும் வாயில்கள் உண்டு. எந்த வாயிலிலும் யாரும் தங்கள் மருமகளின் மதத்தையோ நாட்டையோ கேட்கப்போவதில்லை. ஆணும் பெண்ணும் தலையை மூடியிருக்க வேண்டும். தங்களுக்குச் சேலை முந்தானையே போதும். மகன் தொப்பி அணிவதைவிடக் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது நல்லது. காலணியோடு காலுறையையும் கழற்றிவிட்டு, வாயிலில் ஓடும் நீரில் கால் நனைத்துச் செல்ல வேண்டும். புகையிலை, மது எதுவும் உடன் இருக்கலாகாது. குளக்கரையில் அமர்ந்தால் காலை மடக்கி அமர வேண்டும். நீரில் தொங்கவிடக் கூடாது. சுற்றுப் பிரகாரத்தில் புகைப்படம் எடுக்கலாம், நடுவிலுள்ள சன்னிதிக்குள் எடுக்கலாகாது.

உள்ளே விக்கிரகம் எதுவும் இல்லை என்பதை மருமகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். விதானத்தின் கீழ் பட்டுத் துணிகளின் மேல் வைத்து, வெண்சாமரம் வீசப்படுவது குரு கிரந்த சாகிப் என்னும் திருமுறைக்கு. 1604-ஆம் ஆண்டில் சீக்கியரின் ஐந்தாம் குருவான குரு அர்ஜன் அதன் முதல் தொகுப்பை அங்கே எழுந்தருளச் செய்தார். 1708-இல் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங், தமக்குப் பின் அதுவே குரு என்று அறிவித்தார். கபீர், நாமதேவர் போன்ற பிற மரபினரின் பாடல்களும் அதில் இடம்பெற்றுள்ளன. இரவில் அந்நூலைப் பல்லக்கில் ஏற்றி, அதே வளாகத்திலுள்ள அகால் தக்து என்னும் சீக்கியத் தலைமைப் பீடத்துக்குக் கொண்டுசெல்வதைத் தாங்கள் பார்த்தால், நம் சிவன் கோயில்களில் அர்த்தசாமத்தில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும் காட்சி தங்கள் நினைவுக்கு வரும். அதைக் காணாமல் திரும்பிவிடாதீர்கள்.

கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறிய கடா பிரசாதத்தை இரு கைகளையும் குவித்து வாங்க வேண்டும். நெய் விரலிடுக்கில் வழியும்; அதைக் கீழே சிந்தாமல் அங்கேயே உண்டுவிடுவது மரியாதை.

இனி உணவைப் பற்றி. லங்கர் என்னும் அந்தப் பந்தியை ஏழைகளுக்கான தர்மச் சோறாக எண்ணித் தயங்குவது நம் பக்கத்துப் பெரியவர்களின் வழக்கம். அந்தத் தயக்கம் அங்கே பொருந்தாது. செல்வரும் எளியவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதற்காகவே குருமார்கள் அதை ஏற்படுத்தினார்கள் என்பதால், வசதியுள்ளவர் ஒதுங்கி நின்றால்தான் அதன் நோக்கம் குறைபடும். உணவு முழுவதும் சைவம். வெங்காயம், பூண்டு சேர்வதுண்டு. ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்கி, வேண்டிய அளவு மட்டும் பெற்று, மிச்சம் வைக்காமல் உண்ணுங்கள். மனம் கேட்கவில்லை என்றால் உண்டியலில் காணிக்கை இடலாம். அதைவிட, பூண்டு உரிப்பவர்களோடும் தட்டுக் கழுவுபவர்களோடும் மருமகளும் தாங்களும் சிறிது நேரம் அமர்ந்துவிடுங்கள். யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

தங்குவதற்கு ஸ்ரீ குரு ராம்தாஸ் நிவாஸில் வெளிநாட்டவருக்கென்று தனிப் பகுதி உண்டு. ஆகவே மகனும் மருமகளும் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்கட்டும். அவ்வளவு தூரம் செல்லுமுன் ஒருமுறை பழகிக்கொள்ள விரும்பினால், இராமேசுவரத்திலும் சென்னைத் தியாகராய நகரிலும் குருத்வாராக்கள் என்னும் சீக்கியக் கோயில்கள் இருக்கின்றன.