அக்கம்பக்கத்து வைஃபை சிக்னலைப் படமாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர்களாவது வரும். சிக்னல் கோடு முழுசாக இருந்தும் சாயங்காலமானால் வீடியோ கால் விட்டுவிட்டுத்தான் வருகிறது. உபுண்டு லேப்டாப் இருக்கிறது, பைத்தான் கொஞ்சம் தெரியும். சுற்றியுள்ள சிக்னல்களைப் படமாக வரைந்து பார்க்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. முப்பது வரிக்குள் முடிந்துவிடும்.

உபுண்டுவில் என்எம்சிஎல்ஐ (nmcli) என்ற நெட்வொர்க் கட்டளை ஏற்கெனவே இருக்கும். வைஃபை பட்டியலைச் சுருக்க வடிவில் தரும்படி அதைக் கேளுங்கள். வெளிக் கட்டளைகளை ஓட்டித்தரும் பைத்தானின் சப்பிராசஸ் (subprocess) வழியாக அதை வாங்கிக்கொள்ளலாம். அந்த வடிவத்தில் ஒவ்வொரு விவரத்தையும் முக்காற்புள்ளிதான் பிரிக்கும். யாராவது வைஃபை பெயரிலேயே முக்காற்புள்ளி வைத்திருந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் அங்கே உடையும். அதனால் சேனல் (ரூட்டர் பேசும் எண்ணிட்ட தடம்), சிக்னல், பெயர் என்ற வரிசையில் கேட்டு, முதல் இரண்டு முக்காற்புள்ளிகளில் மட்டும் வெட்டுங்கள். ரீஸ்கேன் விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சற்று முன் எடுத்த பழைய பட்டியலே திரும்ப வரலாம்.

இனி படம். பலரும் பெயருக்கு ஒரு கம்பம் என்று பார் சார்ட் போட்டுவிடுகிறார்கள். அதில் யார் சத்தம் பெரிது என்று தெரியும், யார் யார்மேல் ஏறி நிற்கிறார்கள் என்று தெரியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரூட்டரோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும். ஆகவே கிடையச்சில் 1 முதல் 13 வரை சேனல்களை வையுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க்கையும் அதன் சேனலை நடுவாக வைத்து, இருபுறமும் இரண்டு சேனல் பரவும் மேடாக, பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பில் (matplotlib) வரையுங்கள். உயரம் சிக்னல் அளவு. நிறத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்தால் மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் அடர்த்தியாகத் தெரியும்.

ரூட்டர் பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்யாதீர்கள். வீடியோ காலுக்கு உட்காரும் இடத்திலேயே, தொல்லை வரும் அதே நேரத்தில் எடுங்கள்.

படத்தில் 3, 4 பக்கம் காலியாகத் தெரிந்தால் அங்கே போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறைவைத்துப் பேசும். 3-இல் இருந்தால் 1-இல் இருப்பவர்களும் 6-இல் இருப்பவர்களும் உங்களுக்கு வெறும் இரைச்சல். அவர்களுக்கு நீங்களும் அப்படியே. ஒன்றோடொன்று உரசாத 1, 6, 11 மூன்றில், அக்கம்பக்கத்து மேடுகள் எங்கே தாழ்வாக இருக்கின்றனவோ அதைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டர் செட்டிங்கில் சேனலை 'ஆட்டோ'விலிருந்து மாற்றி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். மூன்றுமே நெரிசல் என்றால் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே என் பரிந்துரை. சுவர் தாண்டும்போது அது சீக்கிரம் தளரும். ஆனால் இடம் தாராளம்.

என்எம்சிஎல்ஐ தரும் சிக்னல் வெறும் சதவீதம். சிக்னல் திறனின் அலகான டிபிஎம்மில் (dBm) உண்மையான அளவு வேண்டுமானால், நிர்வாகி உரிமை தரும் சூடோ (sudo) போட்டு ஐடபிள்யூ (iw) கட்டளையில் ஸ்கேன் செய்யுங்கள். மைனஸ் 67-க்கு மேல், அதாவது பூஜ்யத்துக்கு இன்னும் அருகில் இருந்தால் வீடியோ காலுக்குப் போதும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் தடுமாறும். 10 டிபி குறைந்தால் வந்துசேரும் திறன் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம்.

சிக்னல் பலமாக இருப்பது வேறு, சேனல் ஓய்வாக இருப்பது வேறு. சில ரூட்டர்கள் சேனல் எவ்வளவு நேரம் பிசியாக இருக்கிறது என்பதை 255-க்கு இத்தனை என்று தாமே அறிவிக்கும். ஐடபிள்யூ வெளியீட்டில் 'சேனல் யூட்டிலைசேஷன்' வரியில் அதைப் பார்க்கலாம். அந்த எண் சாயங்காலத்திலும் குறைவாகவே இருந்து கால் மட்டும் திணறினால், லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்துப் பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் கோளாறு வைஃபையில் இல்லை. பிராட்பேண்ட் நிறுவனத்திடம் புகார் பதிவு செய்யுங்கள்.